இரண்டு பூட்டுகள்

காரியாலயங்களுக்குச் சென்று வரும் நேயர்கள் சில ஆண்டுகளாக வீட்டில் ஒரு புதிய வார்த்தையை உச்சரித்து வருகிறார்கள். முன்னெல்லாம் மேலதிகாரியானவர், "அந்தத் தஸ்தாவேஜுக் கட்டை எடுத்து வாரும்" என்று குமாஸ்தாவுக்கு உத்தரவு போடுவார். இப்போதோ, "தளத்தில் ஏற்றியாயிற்றா?" என்று கேட்கிறார். கணக்கும் தளத்தில்; கடிதமும் தளத்தில்; லீவு விண்ணப்பமும் தளத்தில். அடுத்தடுத்த நாற்காலியில் அமர்ந்திருப்பவர்கள் கூடத் தளத்தின் வழியாகவே பேசிக் கொள்கிறார்கள் என்று கேள்வி.

பலர் சேர்ந்து வேலை செய்வதற்கும், விவரங்களைச் சேர்த்துப் பாதுகாப்பதற்கும் கணினியில் அமைத்த பொது இடத்துக்கே தளம் என்று பெயர். இதை விற்பவர் சொல்வதைக் கேட்டால், இதனால் ஆகாத காரியம் உலகத்தில் ஒன்றுமில்லை. இதை உபயோகிப்பவர் சொல்வதைக் கேட்டாலோ, இதனால் ஆன காரியம் ஒன்றுமே இல்லை! இரண்டில் எது உண்மை?

இந்தக் கேள்வியைச் சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து யோசிப்பதை விடக் கடலூரிலும் சிதம்பரத்திலும் நின்று யோசித்தால் நன்றாய் விளங்கும் என்பது நமது அபிப்பிராயம். கடலூர் ஜில்லா கடைமடை ஜில்லா. தென்பெண்ணையும் கெடிலமும் கடலூர் அருகே கடலில் விழுகின்றன. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் விழுகிறது. கொள்ளிடம் தெற்கெல்லையில் ஓடி முடிகிறது. எங்கெங்கோ பெய்த மழை இங்கே வந்து சேருகிறது. அந்த மழையைப் பற்றிய செய்தி, மழைத் தண்ணீருக்கு முன்னால் வந்து சேருகிறதா, பின்னால் வந்து சேருகிறதா என்பது இந்த ஜில்லாவாசிகளுக்கு உயிர்ப் பிரச்னை. தளத்தின் பயன் என்ன என்று கேட்பதும் இதைத்தான் கேட்பதாகும்.

* * *

முதலில் சிதம்பரத்துக்குச் செல்வோம். தேவார ஏடுகள் கிடைத்த கதையை அறியாத தமிழ்க் குடும்பம் இராது. மூவர் பாடிய பதிகங்களைத் தேடினான் ஒரு சோழ மன்னன்; அவனை இராஜராஜன் என்று கருதுவது வழக்கம். நம்பியாண்டார் நம்பியின் வழிகாட்டுதலால், ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் இருப்பதாகத் தெரிய வந்தது. ஆனால் அறை பூட்டியிருந்தது. "பாடிய மூவரே வந்தால்தான் திறக்கலாம்" என்றார்களாம். மன்னன் யோசித்தான், மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து, "இதோ வந்துவிட்டார்கள்" என்றான். கதவு திறந்தது. உள்ளே ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. பெரும் பகுதி மண்ணாகிப் போக, எஞ்சியவையே நமக்குக் கிடைத்தன என்பது வழிவழியாய் வரும் கதை.

இந்தக் கதையில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஏடுகளைப் பூட்டி வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தால் பூட்டவில்லை. அவை உயர்ந்த பொருள் என்பதனாலேயே பூட்டினார்கள். ஆயினும், வெளி மனிதர் தொடாமல் காத்த அந்தப் பூட்டு, கறையானிடமிருந்து காக்கவில்லை. பிரதி எடுப்பாரின்றி, வாசிப்பாரின்றி, ஒரே இடத்தில் ஒருவர் கைச் சாவிக்குள் அடைபட்ட அறிவுக்கு நேரும் கதி இதுதான். இன்றைக்கும் எத்தனையோ காரியாலயங்களில், ஒரு குமாஸ்தா ஓய்வு பெற்றால் அவருடன் பத்து வருஷத்து விவரமும் வீட்டுக்குப் போய்விடுகிறது. அங்கே கறையானுக்குக் கூட வேலையில்லை!

* * *

இரண்டாவது பூட்டு கடலூருக்குச் சற்று வடக்கே, புதுவையைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் இருந்தது.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி காலை, நமது கடிகாரப்படி ஏறத்தாழ ஆறரை மணிக்குச் சுமத்ரா தீவின் அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. ஆழிப்பேரலை நமது கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும், பூகம்பம் நேர்ந்த விஷயம் உலகத்தில் பலருக்குத் தெரிந்தே இருந்தது. பூகம்பமானிகள் பதிவு செய்தன, விஞ்ஞானிகள் பார்த்தார்கள். ஆனால் தேவனாம்பட்டினத்தில் வலையை உலர்த்திக் கொண்டிருந்தவரிடம் அதைச் சொல்லுவது யாருடைய வேலை? ஒருவருடைய வேலையும் அல்ல. கடலூர் ஜில்லாவில் மட்டும் 600-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின.

நல்லவாட்டில் நடந்தது வேறு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுவைப் பக்கத்துக் கிராமங்களில் தகவல் நிலையங்களை அமைத்து வந்தது. அலையின் உயரம் எவ்வளவு என்பது போன்ற விவரங்களைக் கணினி வழியே வரவழைத்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவிப்பது அவற்றின் முக்கியமான பணிகளில் ஒன்று. அன்று காலை, சிங்கப்பூரில் வேலை செய்துவந்த அவ்வூர் இளைஞர் ஒருவர், அபாயச் செய்தி அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் கூறினார். செய்தி வந்துவிட்டது, ஒலிபெருக்கியும் இருந்தது, நிலையம் மட்டும் பூட்டியிருந்தது. ஊரார் சாவி எங்கே என்று தேடவில்லை. கதவை உடைத்து உள்ளே சென்று ஒலிபெருக்கியில் கூவினார்கள். 3,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் கரையை விட்டு ஓடிப் பிழைத்தார்கள். வீடுகள் போயின, மனிதர்கள் இருந்தார்கள்.

தில்லையில் மன்னன் யுக்தியால் பூட்டைத் திறந்தான்; நல்லவாட்டில் மீனவர்கள் கையால் உடைத்தார்கள். தளங்களைப் பற்றிய சாஸ்திரம் முழுவதும் இந்த இரண்டு பூட்டுகளுக்குள் அடங்கியிருக்கிறது. தெரிந்தவரிடமிருந்து தெரிய வேண்டியவருக்கு, வேண்டிய நேரத்தில், கதவை உடைக்காமலே விஷயம் போய்ச் சேர வழி செய்வதுதான் அவற்றின் நோக்கம்.

* * *

அதே ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் நடந்ததையும் நேயர்கள் அறிய வேண்டும். அங்கே 30,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். உதவி செய்ய உலகெங்கிலுமிருந்து சங்கங்கள் வந்து குவிந்தன. யார் எங்கே எதைக் கொடுக்கிறார்கள், எந்த முகாமில் எத்தனை பேர், எந்தக் குழந்தை யாரைத் தேடுகிறது என்பதை ஒருங்கே அறிந்தவர் ஒருவரும் இலர். அப்போது, கணினித் தொழில் கற்ற இலங்கைத் தொண்டர்கள் சிலர் சில வாரங்களுக்குள் ஒரு தளத்தை உண்டாக்கினார்கள். அதற்குச் 'சஹனா' என்று பெயர். சிங்களத்தில் அச்சொல்லுக்கு ஆறுதல், நிவாரணம் என்று பொருள். லங்கா ஸாப்ட்வேர் பவுண்டேஷன் அதைப் போஷித்தது.

சஹனாவின் உள்ளே இருந்தவை பிரமாதமான மாயங்கள் அல்ல, நான்கைந்து பதிவேடுகள்தாம். காணாமற்போனவர்களின் பதிவேடு ஒன்று; உதவிச் சங்கங்களின் பதிவேடு ஒன்று; முகாம்களின் பதிவேடு ஒன்று; இன்ன இடத்துக்கு இன்னது தேவை, அதை இன்னார் அனுப்புகிறார் என்னும் பதிவேடு ஒன்று. எல்லாச் சங்கத்தாரும் ஒரே பதிவேட்டைப் பார்த்தார்கள் என்பதே அதன் விசேஷம். யாரும் விலையின்றி எடுத்துத் தத்தம் தேவைக்குத் திருத்திக் கொள்ளும்படி அதை வெளியிட்டமையால், 2005-இல் பாகிஸ்தான் பூகம்பத்திலும், 2006-இல் பிலிப்பைன்ஸில் மலை சரிந்தபோதும், 2010-இல் ஹெய்தி பூகம்பத்திலும் அது பயன்பட்டது. துயரத்தின் நடுவே ஒரு சிறு தீவின் பிள்ளைகள் உலகத்துக்கு அளித்த கொடை அது.

* * *

இனி, ஒரு தளத்தால் ஆகக்கூடிய காரியங்கள் எவை என்று வரிசையாய்ப் பார்ப்போம்.

முதலாவது, ஒரே பிரதி. வெள்ளத்தில் வீடிழந்தோர் ஜாபிதா ஒன்று கிராம அதிகாரியிடம் இருக்கும், ஒன்று தாசில்தாரிடம், ஒன்று மீன்வளத் துறையில். மூன்றிலும் மூன்று எண்ணிக்கை! எந்த எண்ணிக்கை சரி என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்த வெள்ளம் வந்துவிடும். தளத்தில் ஜாபிதா ஒன்றே. மூவரும் தத்தம் இடத்திலிருந்து அந்த ஒன்றிலேயே எழுதுகிறார்கள்.

இரண்டாவது, ஞாபகம். யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த எண்ணை மாற்றினார் என்பதைத் தளம் குறித்து வைத்துக் கொள்கிறது. பழைய எண்ணும் அழிவதில்லை. 'நான் அப்படி எழுதவேயில்லை' என்று சாதிப்பதற்கு இடம் குறைவு.

மூன்றாவது, வாயில்காப்பு. எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கும்படி விடுவது அறமாகாது. நோயாளியின் விவரம் வைத்தியருக்குத் தெரிய வேண்டும். அண்டை வீட்டாருக்குத் தெரிய வேண்டியதில்லை. யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று வகுத்து விடலாம். பூட்டு வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. உரியவர் ஒவ்வொருவரிடமும் ஒரு சாவி இருக்க வேண்டும் என்பதே விஷயம்.

நான்காவது, பொறுப்பு. நமது கூட்டங்களில் 'பார்த்துக் கொள்ளலாம்' என்று எல்லோரும் சொல்வார்கள். எல்லோரும் பார்த்துக் கொள்வதை ஒருவரும் பார்ப்பதில்லை. தளத்திலோ ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுதப்படுகின்றன. தேதி நெருங்கினால் அது ஞாபகமூட்டுகிறது. பல உத்தியோகஸ்தர்கள் தளத்தை வெறுப்பதற்கு இதுவே காரணமாயிருக்கலாம்!

ஐந்தாவது, தேடலும் கூட்டலும். ஆயிரம் கட்டுகளில் ஒரு கடிதத்தைத் தேட ஒரு நாள் ஆகும். தளத்தில் ஒரு நொடி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. 'ஏராளமான வீடுகள் சேதம்' என்று எழுதினால் யந்திரத்தால் கூட்ட முடியாது. 'வீடுகள்' என்ற கட்டத்தில் எண்ணை எழுத வேண்டும். அலங்கார நடை பத்திரிகைக்கு நல்லது; பதிவேட்டுக்கு ஆகாது.

ஆறாவது, வேற்றிடத்தில் பிரதி. இந்த வித்தையில் கடலூருக்குப் பழைய சரித்திரம் உண்டு. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து கடலூர்க் கோட்டையை விலைக்கு வாங்கி, அதற்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள். பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரைக்குமுள்ள நிலமும் பேரத்தில் சேர்த்தி. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. அந்தக் கம்பெனியார் தினந்தோறும் நடந்ததை ஏட்டில் எழுதினார்கள். முக்கியமான கடிதத்துக்குப் பிரதிகள் எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்பினார்கள். ஒரு கப்பல் மூழ்கினாலும் மறு கப்பல் போய்ச் சேருமன்றோ? 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்துக் கொண்டபோது, கம்பெனியின் தலைமைக் காரியாலயம் கடலூருக்கு வந்தது. 1752 வரையில் இங்கேயே நடந்தது. வியாபாரியாய் வந்தவன் எவ்வாறு நாட்டை ஆண்டான் என்று கேட்பவர்கள், பீரங்கியை மட்டும் பார்த்தால் போதாது. அவனுடைய கணக்குப் புத்தகத்தையும் பார்க்க வேண்டும்.

* * *

இத்தனையும் செய்யும் தளம் எதைச் செய்யாது?

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி பெஞ்சல் புயல் புதுவை அருகே கரையைக் கடந்தது. பெருமழையால் சாத்தனூர் அணை நிரம்பியது. டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலையில் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடித் தண்ணீர் தென்பெண்ணையில் திறந்து விடப்பட்டது. வழிநெடுக ஊர்களை மூழ்கடித்து, அந்த வெள்ளம் கடலூர்க் கரையோர ஊர்களுக்குள்ளும் புகுந்தது. "ஐந்து முறை எச்சரிக்கை விடுத்தோம்" என்றது சர்க்கார் தரப்பு. "முன்னறிவிப்பின்றித் திறந்தார்கள்" என்றன எதிர்க்கட்சிகள்.

இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் புறப்படவில்லை. ஆனால் இந்த வாக்குவாதத்துக்கு இடமிருந்ததே கவனிக்கத் தக்கது. அனுப்பிய செய்தி வேறு. போய்ச் சேர்ந்த செய்தி வேறு. தென்பெண்ணை கன்னட நாட்டில் பிறந்து, கிருஷ்ணகிரி முதல் கடலூர் வரையில் பல ஜில்லாக்களைக் கடந்து வருகிறது. ஆறு ஒன்று, கலெக்டர்கள் பலர், துறைகள் அதனினும் பல. தமிழ்நாட்டு அரசு பேரிடர்க் காலத்துக்கென்று 'டி.என். ஸ்மார்ட்' என்ற தளம் ஒன்றை வைத்திருப்பது நல்ல காரியம். மழை அளவும் அணை மட்டமும் அதில் ஒரே இடத்தில் தெரியலாம். ஆயினும் கலெக்டர் காரியாலயத்துத் திரையில் தெரிந்த எண், இரவு இரண்டு மணிக்குக் குடிசையில் உறங்கும் கிழவியின் காதுக்கு எப்படிப் போகும்? அந்தக் கடைசி அரை மைலுக்கு ஒரு மனிதர் நடந்து போக வேண்டும். ஒரு தமுக்கு அடிக்க வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் வருகிறதா என்று பார்க்காமல் வாய்க்கால் வெட்டியாயிற்று என்று கணக்கு எழுதுவது போன்றதே, செய்தி சேர்ந்ததா என்று பாராமல் அனுப்பியாயிற்று என்று குறிப்பு எழுதுவதும்.

மற்றொரு குறை, மின்சாரம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்களும் சாய்ந்தன, பல ஊர்கள் பல நாள் இருளில் கிடந்தன. மின்சாரம் போன இடத்தில் தளமும் போயிற்று. ஆகையால் முக்கியமான ஜாபிதாக்களை வருஷந்தோறும் மழைக்காலத்துக்கு முன்னே காகிதத்தில் அச்சிட்டு, மேட்டு நிலத்தில் ஒரு பெட்டியில் வைப்பது பத்தாம்பசலித்தனம் அல்ல, புத்திசாலித்தனம்.

மூன்றாவது குறை, மனிதர். பொய்யை ஏற்றினால் பொய்யையே தளம் மிக வேகமாகக் கூட்டிக் கொடுக்கும். கழனிக்குப் போகாமல் மரத்தடியில் உட்கார்ந்து எழுதிய அடங்கல், கணினியில் ஏறிவிட்டதனால் மெய்யாகி விடாது.

* * *

எந்தத் தளத்தை வாங்குவது என்று கேட்பவர்களும் உண்டு. அயல்நாட்டுக் கம்பெனிகளின் தளங்கள் பல இருக்கின்றன. நமது நாட்டிலும் இல்லாமலில்லை. சர்க்கார் காரியாலயங்களில் கோப்புகளை நடத்தும் 'இ-ஆபீஸ்', 1976-இல் ஏற்பட்ட தேசியத் தகவலியல் மையம் ஆக்கியது. 1996-இல் வேறு பெயருடன் ஆரம்பித்து, 2009-இல் 'ஸோஹோ' என்று பெயர் மாற்றிக் கொண்ட நிறுவனத்தின் தலைமையிடம் சென்னையில் இருக்கிறது. தென்காசிச் சீமையிலும் அதற்குக் காரியாலயம் உண்டு. நம்மவர் கைவேலை உலகெங்கும் செல்வது கண்டு நமக்கும் உள்ளூரப் பூரிப்புத்தான். எனினும், எந்தத் தேசத்து ஏடானாலும் எழுதுபவன் கை நேராயிருக்க வேண்டும். அதோடு, விவரம் எங்கே சேமிக்கப்படுகிறது, வேண்டாமென்றால் முழுவதையும் திருப்பி எடுத்துக் கொள்ளலாமா என்று கேளாமல் கையெழுத்திடக் கூடாது. உள்ளே போக எளிதாயும் வெளியே வர அரிதாயும் உள்ள தளம், தில்லையறைக்கு இளைய சகோதரம்!

நமது நேயர்களில் ஜில்லா நிர்வாகம் செய்பவர்கள் சிலரே. ஆனால் குடியிருப்போர் சங்கம், கூட்டுறவுச் சங்கம், பள்ளிக்கூடக் கமிட்டி, கோயில் திருப்பணிக் குழு ஆகிய ஏதாவதொன்றில் சம்பந்தமில்லாத குடும்பம் அரிது. அங்கெல்லாம் கணக்கு யாரோ ஒருவருடைய அலமாரியில் இருக்கிறது. விவாதம் வாட்ஸ்அப்பில் காலை வணக்கங்களின் நடுவே புதைந்து கிடக்கிறது. தளம் வாங்குவதற்கு முன், அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். நமது விவரத்தின் சரியான பிரதி எது? அது இன்று எரிந்து போனால் மறு பிரதி எங்கே? செயலாளர் ஊரில் இல்லாத நாளில் அதைத் திறக்கக்கூடிய இரண்டாவது மனிதர் யார்? குடும்பத் தலைவர்கள் இதே கேள்விகளை வீட்டு இரும்புப் பெட்டியைப் பற்றியும் கேட்டுக் கொள்ளலாம். இன்ஷ்யூரன்ஸ் பத்திரம் எங்கிருக்கிறது என்பது வீட்டு அம்மாளுக்குத் தெரியாத குடும்பங்கள் நம்மிடையே இன்னும் ஏராளம்.

மூன்றுக்கும் விடை இருக்குமானால், உங்களிடம் தளம் ஏற்கெனவே இருக்கிறது; அது நாற்பது பக்க நோட்டுப் புத்தகமாயிருந்தாலும் சரியே. கணினி அதை விரைவாக்கும், விரிவாக்கும். விடை இல்லையானால், எவ்வளவு பணம் கொடுத்து எந்தத் தளத்தை வாங்கினாலும், வாங்கியது மற்றொரு பூட்டுத்தான். நல்லவாட்டு மீனவரைப் போல அதை உடைப்பதற்கு எப்போதும் இரண்டு மணி நேர அவகாசம் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை.